பெரட்டுக்குப் பூசின மினுக்கு

கன்னத்து எலும்பில் பளபளப்பாகப் பூசிக்கொள்ள இப்போது டப்பாவில் வருகிறதாம். ஹைலைட்டர் என்று பெயராம். தூங்காத முகத்தைத் தூங்கி எழுந்த முகமாகக் காட்டுமாம். கடைக்காரப் பெண் இதையெல்லாம் எனக்குப் பாடம் நடத்தியபோது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேரளத்து ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எழுபதுகளில், முப்பது பெண்கள் நாங்கள் இதைத் தேங்காய் எண்ணெயிலேயே செய்து முடித்தவர்கள். செய்து மாட்டிக்கொண்டவர்களும்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறை வீடு. அதில் மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் நாலு பேர், நாங்கள் மூன்று பேர், ஆக ஒன்பது உருப்படி. மாமனார் குறட்டையை நிறுத்தினால் மாமியார் இருமுவார். அவர் ஓய்ந்தால் என் பிள்ளை ஆரம்பிக்கும். நான் எப்போது தூங்க?

தற்காலிக ஆளாக இருந்த என்னை நிரந்தரமாக்கினால் தனியாக ஒரு லயத்து வீடு கிடைக்கும். அதற்கு அந்த மாதம் ஒரு நாள்கூட விடாமல் பெயரேட்டில் என் பெயர் விழ வேண்டும். தனி வீடு! சாமி சத்தியமாகச் சொல்கிறேன், நகைநட்டுக்குக்கூட நான் அப்படி ஏங்கினதில்லை.

குறுக்கே நின்றவர் எங்கள் சூப்பர்வைசர். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர்தான். முந்தின மாதம் ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் சரிவில் உருண்டு காலை முறித்துக்கொண்டதிலிருந்து அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. தினமும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். கண் சொருகியிருந்தால், "நீ வீட்டில் போய் ஒறங்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எங்கே போய் உறங்க, அந்த இருமலுக்கும் குறட்டைக்கும் நடுவிலா?

மூன்றாம் நாளே என் முன்னால் நின்று யோசித்தார். எப்படியோ அன்றைக்கு விட்டுவிட்டார். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதேன். அவள் என் வயசுக்காரி. கல்யாணத்துக்கு முன் மேனேஜர் பங்களாவில் வேலை பார்த்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"ஏட்டி, அழுது கண்ண இன்னும் வீங்க வைக்காத. பங்களாவுல அந்த அம்மா விடிய விடிய சீட்டாடிட்டு காலையில பளிச்சுனு வந்து நிப்பா. எப்பிடின்னு நெனைக்க? எல்லாம் மினுக்குதான்."

மறுநாள் விடிந்ததும் வந்தாள். எங்கள் மலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். குச்சியை விட்டுத் தோண்ட வேண்டும். அதில் கொஞ்சம் எடுத்து, முகப் பவுடரைச் சேர்த்துக் குழைத்து, என் கன்ன மேட்டிலும் மூக்குத் தண்டிலும் புருவத்துக்கு மேலும் ஒவ்வொரு தீற்று தீற்றினாள். "வெளிச்சம் பட்ட எடம் முழிச்சிருக்கும், பாத்துக்கோ" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். அடேயப்பா! நன்றாகத் தூங்கின எவளோ ஒருத்தி என்னைப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் ஏமாந்தார். ஏமாந்ததோடு நின்றாரா மனிதர்? "எல்லாரும் இவளக் கண்டு படிக்கணும்! முகத்தில் என்னா ஒரு தெளிச்சம்!" என்று பாராட்டி, இருப்பதிலேயே செங்குத்தான சரிவுக்கு என்னை அனுப்பினார். தெளிவாக இருக்கிறவள் விழ மாட்டாள் அல்லவா! மூன்று வாரம் நாக்குத் தள்ள ஏறி இறங்கினேன். மற்றப் பெண்களோ, "வந்துட்டா பாரு பளபளப்பு மகாராணி" என்று கரித்துக் கொட்டினார்கள். பொறுக்க முடியாமல் ஒருநாள் ரகசியத்தைச் சொல்லித் தொலைத்தேன். என் நாக்கில் சனி.

அது மாதத்தின் கடைசி நாள். என் பெயர் இன்னும் ஒரே ஒரு தடவை விழ வேண்டும். போய்ப் பார்த்தால் முப்பது பேரும் பூசிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பூச்சா அது? சுவருக்கு வெள்ளை அடித்த மாதிரி. அன்றைக்குக் குளிரும் கடுமை. வாட்ச்மேன் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் குவித்துத் தீ மூட்டியிருந்தார். எல்லோரும் சுற்றி நின்று குளிர் காய்ந்தோம். அவ்வளவுதான், எண்ணெய் உருகிவிட்டது. புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கி எரிகிறது, கன்னத்தில் வழிகிறது. முப்பது பேரும் கண்ணைக் கசக்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்தார்.

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். "ஐயோ, ஆரு மரிச்சுப் போனது?"

தோட்டத்தில் சாவு விழுந்தால் அன்று பெரட்டு கிடையாது. வேலையும் இல்லை, ஏட்டில் பெயரும் விழாது. பக்கத்து வீட்டுக்காரி என் இடுப்பைக் கிள்ளினாள். "சும்மா இருட்டி, இன்னைக்கு ஒரு நாளாவது தூங்குவோம்." அவளுக்கென்ன, நிரந்தரக்காரி! சூப்பர்வைசர் பெயரேட்டை மூடினார். என் வீட்டையே மூடின மாதிரி இருந்தது எனக்கு.

"யாரும் சாகல சார்!" என்று கத்திவிட்டேன். "தேங்கா எண்ணெ சார் இது! தூங்காத மூஞ்சி தெரியக் கூடாதுன்னு பூசினோம். ஒத்த அறையில ஒம்போது பேரு கெடக்கோம், எங்கன போயித் தூங்க? வீட்டக் குடுங்க, மூஞ்சி தன்னால முழிச்சுக்கும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் வழிகிற முகங்களை ஒன்று விடாமல் பார்த்தார். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "எல்லாரும் போய் முகம் கழுகிட்டு வா. அப்பறம் பேரு விளிக்கும்" என்றார். கழுவிவிட்டு வந்து நின்றோம், முப்பது தூங்காத முகங்கள். ஒருத்தியையும் திருப்பி அனுப்பவில்லை. எல்லோரையும் சமதளத்தில் கொழுந்து கிள்ள விட்டார். என் பெயரும் விழுந்தது.

வீடு வர இரண்டு மாதமாயிற்று. அதுவரை அளவாகப் பூசுவதை நான் விடவில்லை. அவரும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருந்தார். ஒரு சனிக்கிழமை குடிபோனோம். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நானும் பிள்ளையும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினோம். திங்கட்கிழமை, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஆசைதீரத் தூங்கினவளாக, முகத்தில் ஒன்றும் பூசாமல் பெரட்டில் போய் நின்றேன்.

சூப்பர்வைசர் என் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். "என்னாச்சு, சுகமில்லையா? முகம் ஆகெ வாடிப்போச்சு. நீ வீட்டில் போய் ஒறங்கு."

இதுதான் சார் என் மூஞ்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், எந்த வீட்டுக்குப் போகச் சொல்கிறார் என்பது உறைத்தது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவர் மனசு மாறுவதற்குள் வேகமாக நடந்தேன்.