குறைத்துச் சொன்ன கடைக்காரர்

எதை வாங்கினாலும் ரமணி அக்கா முதலில் அதில் ஒட்டியிருக்கும் விலைத்தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பார். அடியில் பழைய விலையோடு இன்னொரு தாள் இருக்கிறதா என்று. சவர்க்காரமோ பால்மாவோ, எதுவானாலும் அப்படித்தான். கொட்டாஞ்சேனையில் ஒரே மாடியில் அடுத்தடுத்த வீடுகளில் பதினான்கு வருடமாக இருக்கிறோம். இந்தப் பழக்கம் ஒரு நாளும் தப்பி நான் பார்த்ததில்லை.

அக்கா புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் காசாளர். முப்பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியானால் கதவைச் சாத்திவிட்டு கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஐந்து பெண்கள் இணையத்தில் ஓர் அணியாகச் சேர்ந்து விளையாடும் துப்பாக்கி விளையாட்டு அது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அக்காவின் சத்தம் கேட்கும். "இடது பக்கம்! இடது பக்கம் வாறான்!" கீழ் வீட்டு மயிலம்மா, "நாப்பது வயசில பொம்பிளைக்கு துவக்கு வேணுமாம்" என்று படியில் நின்று சிரிப்பார். அக்கா கவனிப்பதில்லை. எந்தக் கடைக்காரனையும் நம்பாத அவர், முகமே பார்த்திராத அந்த நாலு பேரையும் நம்பினார். அதை நான் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாசி மாதம் அந்த விளையாட்டைப் புதுப்பித்தார்கள். அக்காவின் பழைய கம்பியூட்டர் அதைத் தாங்கவில்லை. முக்கியமான நேரத்தில் படம் உறைந்து நின்றுவிடும், அதற்குள் எதிரி சுட்டுவிடுவான். அணியின் தலைவி தெஹிவளையில் இருக்கும் பஸ்லா என்ற பிள்ளை. ஒரு ஞாயிறு ஸ்பீக்கரில் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"அக்கா, கோவிக்காதீங்க. போயா லீவுக்குப் போட்டி ஈக்கி. அதுக்கு முந்தி சரி பண்ணுங்க. இல்லாட்டி வேற ஆளப் போடத்தான் வேணும்."

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை.

மறுநாள் என் கதவைத் தட்டினார். "நாளைக்கு வெள்ளவத்தைக்கு வா. நீ கதைக்கத் தேவையில்ல. அவங்கட கையைப் பாத்துக்கொண்டு நிண்டாப் போதும்." நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கடைகளில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். கையைப் பார்ப்பது மட்டும் எனக்குச் சுலபம்.

முதல் கடையில் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞன் ப்ரொசெசர், போர்டு, ரெம் எல்லாமே புதிதாக மாற்ற வேண்டும் என்றான். எட்டு கோர் உள்ள ப்ரொசெசரை எடுக்கச் சொன்னான். அக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். "தெரியும். பொம்பிளை எண்டா முழுசா ஏத்திவிடுவாங்கள்."

இரண்டாவது, மாடியில் இருந்த ஒரு சிறிய பழுதுபார்க்கும் கடை. ஸவாஹிர் என்ற நரைத்த தாடிக்காரர் அக்காவின் போர்டு என்ன, கிராஃபிக்ஸ் கார்ட் என்ன என்று கேட்டார். பிறகு சொன்னார்:

"போர்டு, ரெம் ஒண்டும் மாத்த வேணாம், மிஸ். ஆறு கோர் ரைசன் ப்ரொசெசர் ஒண்டு போட்டாப் போதும். உங்கட கார்டுக்கு எட்டு கோர் போட்டும் வித்தியாசம் தெரியாது, சல்லிதான் வீண். ஆனா போர்டு பழசு, புது ப்ரொசெசர அதுக்கு விளங்காது. புதுசப் போட முந்தி, பழைய ப்ரொசெசரோட மெஷினை இங்க கொண்டு வாங்க. போர்டுல உள்ள மென்பொருளப் புதுசாக்கித் தாறன்."

சொன்ன விலை முதல் கடையில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். அக்காவின் முகம் இருண்டது.

படியிறங்கும்போது, "குறைச்சுச் சொல்றவன்தான் பெரிய கள்ளன்" என்றார். "மெஷினைக் கொண்டு வரட்டாம். ஏன் தெரியுமா? உள்ளுக்குள்ள இருக்கிறதக் கழட்டத்தான்." முன்பு ஒருவன் தூசி தட்டித் தருகிறேன் என்று கொண்டுபோய், இரண்டு ரெம்மில் ஒன்றை எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்திருக்கிறான். அன்றிலிருந்து அந்த மெஷின் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

அதே ஆறு கோரை கொள்ளுப்பிட்டியில் முத்திரை உடையாத பெட்டியோடு கூடுதல் விலைக்கு வாங்கினார். வீடியோ பார்த்துத் தானே பழையதைக் கழற்றி இதைப் பூட்டினார். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"கள்ளச் சாமான்" என்றார். மறுநாள் கொண்டுபோனோம். கொள்ளுப்பிட்டிக் கடைக்காரன் தன் போர்டில் பூட்டிக் காட்டினான். நன்றாக ஓடியது. வரும் வழியில் பஸ்ஸில் அக்கா என் காதுக்குள், "அவங்கட போர்டில ஏதோ செய்து வச்சிருக்கிறாங்கள்" என்றார். போயாவுக்கு மூன்று நாள் இருந்தது. பதில் சொல்லச் சொல்லி பஸ்லா இரண்டு தரம் எழுதிவிட்டாள்.

நான் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, அந்த ஸவாஹிர் போட முந்தி கொண்டு வரச் சொன்னவரெல்லோ?"

அக்கா என்னையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார்.

அடுத்த நாள் மடியில் மெஷினை வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். நான் பக்கத்தில் இருந்தேன். ஸவாஹிர் மூடியைத் திறந்தவுடன் ரெம், கார்ட், ஹார்ட்டிஸ்க் எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளிகள்.

"இதென்ன மிஸ், எல்லாத்துக்கும் பொட்டு வச்சி ஈக்கி?"

நகப்பூச்சால் அக்கா வைத்த அடையாளங்கள் அவை. ஸவாஹிருக்கு விளங்கிவிட்டது. நாற்காலியை மேசைக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டார். "இருந்து பாருங்க. டீயும் குடிங்க. அதுக்குள்ள மயக்க மருந்து இல்ல."

அக்கா டீயைத் தொடவில்லை. ஸவாஹிர், அக்கா கொண்டுவந்த பழைய ப்ரொசெசரைத் திரும்பப் பூட்டி வேலையைத் தொடங்கினார்.

"இப்ப கரண்ட் போனா?" என்று அக்கா கேட்டார்.

"போர்டு போயிரும்."

"அப்ப எனக்குப் புதுப் போர்டு விக்கலாம்."

ஸவாஹிர் சிரித்துவிட்டார். "அதுக்குத்தானே யூபிஎஸ்ஸில கொழுவி ஈக்கி." அக்கா எழும்பி வயரைப் பிடித்துக்கொண்டே போய், அது உண்மையில் யூபிஎஸ்ஸில்தான் முடிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆறேழு நிமிடத்தில் முடிந்தது. ஸவாஹிர் புது ப்ரொசெசரைப் பூட்டினார். திரையில் எழுத்து வந்தது. அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஸவாஹிர் கூலி சொன்னார். "ஏன் இவ்வளவு குறைவு?" என்றார் அக்கா.

"கூட்டச் சொன்னா கூட்டுறன், மிஸ்."

போயா அன்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். படம் ஒருதரமும் உறையவில்லை. அணி இரண்டாவது சுற்றில் தோற்றது. அது கம்பியூட்டரின் பிழையல்ல.

இப்போது ரமணி அக்கா அணியில்தான் இருக்கிறார், ஞாயிறு இரண்டு மணிக்கு விளையாடுகிறார். வேறு பழுதென்றாலும் ஸவாஹிரிடம்தான் போகிறார். மெஷினை அங்கே விட்டுவிட்டு வருவதில்லை, டீயும் குடிப்பதில்லை.