நீலம் போன மீன்கொத்தி

மருந்துக்கடை மீன்கொத்தியார், 1934–2009. பெற்றோர் இட்ட பெயர் வேறு. ஆனால் பறவைப் படம் போட்ட பழைய அஞ்சல்தலைகளைத் தண்ணீர்த் தட்டில் மிதக்கவிட்டு, ஒட்டிய காகிதம் எப்போது பிரியும் என்று இடுக்கியும் கையுமாக அசையாமல் குனிந்திருப்பவரைத் தெரு வேறெப்படி அழைக்கும்?

“பறவைக்கெல்லாம் நீச்சல் கத்துக்குடுத்து முடிச்சாச்சா? எனக்குத் தட்டு வேணும்” என்பார் மனைவி.

இந்தப் பித்தில் அவருக்குக் கூட்டாளி மனைவியின் தம்பி, கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஒருநாள் அவர், கடித உறைத்துண்டோடு ஒட்டியிருந்த நீல மீன்கொத்தி அஞ்சல்தலை ஒன்றைக் கொண்டுவந்தார்.

“வாட்ச்சுன்னா நானே கை வைப்பேன். தண்ணி வேலை உங்களுது அத்தான்.”

பழைய அச்சு மைகளுள் சில தண்ணீரில் கரையும். ஓரத்தை ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்த பிறகே முக்க வேண்டும். இது மீன்கொத்தியார் அறியாததன்று. அன்று கடையில் கூட்டம். ஒற்றிப் பார்க்காமலே முக்கிவிட்டு, மருந்து எடுத்துக் கொடுக்கப் போனார். திரும்பி வந்தபோது தண்ணீர் நீலமாகவும் பறவை சாம்பலாகவும் இருந்தன.

உலர்த்திக் கொடுத்த அஞ்சல்தலையை மைத்துனர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன அத்தான், வெளுத்த மாதிரி தெரியுது?”

“எப்பவும் இருந்த கலர்தான் மச்சான். போய் டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டு. வயசாகுதில்ல?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மைத்துனர் சிரிக்கவில்லை.

கண் மருத்துவர் குறை ஒன்றுமில்லை என்றார். மைத்துனர் நம்பவில்லை. “அவரு எழுத்தைப் படிக்கச் சொன்னாரு. நீலத்தைக் காட்டலையே!” அதன்பின் அவர் கடிகாரத்தைத் திறப்பதையே விட்டார், வார் மாற்றுவதும் நேரம் சரிசெய்வதுமே வேலையாயிற்று. “நல்லாத்தானே இருந்தான் என் தம்பி” என்று மனைவி புலம்பும்போதெல்லாம் மீன்கொத்தியார் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவருக்குத் தம் தொண்டையில் சிக்கிய மாத்திரையைத் துப்பவும் தெரியவில்லை, விழுங்கவும் தெரியவில்லை. தம்மிடமிருந்த அதே மாதிரி மீன்கொத்தி அஞ்சல்தலையை மைத்துனரின் தொகுப்பில் ஓசையின்றி மாற்றிவைக்கலாமா என்றும் எண்ணினார். பொய் இரண்டாகும் என்று விட்டார்.

ஒரு ஞாயிறு காலை மைத்துனர் கருவிப்பெட்டியோடு வந்தார்.

“இதை யாருக்காவது வித்துக் குடுங்க அத்தான். கண்ணு போனவனுக்கு எதுக்கு?”

மீன்கொத்தியார் பெட்டியைத் தொடவில்லை. தட்டில் தண்ணீர் எடுத்துவந்தார். பிறகு, தம் தொகுப்பிலிருந்து மீன்கொத்தியை எடுத்தார்.

“இது என்ன கலர் மச்சான்?”

“நல்ல நீலம்.”

தண்ணீரில் விட்டார். “ஐயோ, அத்தான்!” என்று மைத்துனர் கையை நீட்டினார், அதற்குள் சிறகோரத்திலிருந்து நீலம் நூல் நூலாகப் பிரிந்தது. பறவை முழுதும் வெளுக்கும்வரை இருவரும் தட்டின்மேல் குனிந்திருந்தனர்.

“அப்போ என் கண்ணு...”

“உன் கண்ணுல ஒண்ணுமில்ல. என் வாய்லதான்.”

மைத்துனர் பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகி, அத்தானின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இப்பத்தான் தெளிவாத் தெரியுது” என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு எழுந்து போனார்.

மறுநாள் முதல் அவர் கடையில் கடிகாரங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. அஞ்சல்தலை எதையும் அவர் அத்தானிடம் கொண்டுவரவில்லை. மீன்கொத்தியார் கடைசியாக ஓர் அஞ்சல்தலையை நீரிலிட்டது அந்த ஞாயிறன்றுதான்: 1996 பிப்ரவரி 18.