முன்சக்கரத்துச் சத்தம்

என் பழைய காரின் முன்சக்கரத்தைப் பிடித்து மெக்கானிக் ஆட்டினார். லொடக்கென்றது. “பால் ஜாயின்ட் போச்சுங்க. இப்படியே ஓட்டுனா சக்கரம் மடங்கிக்குமுங்க” என்றார்.

தொண்ணூறுகளில், நான் பள்ளியில் படித்தபோது, அப்பாவின் காரிலும் இதே சத்தம் கேட்டது. “ஏனுங்க, முன்னால லொடலொடங்குதுங்க, ஒர்க்‌ஷாப்புல காட்டுங்க” என்று அம்மா கெஞ்சுவாள். “கார் ஓட்டறது நீயா, நானா?” என்பார் அப்பா.

ஒருநாள் தொண்டாமுத்தூர் சாலையில் சக்கரம் மடங்கி, கார் புளியமரத்தில் மோதியது. அம்மாவின் முழங்கால் நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, “தொணதொணன்னு பேசியே என் கவனத்தைக் கலைச்சுப்போட்டா” என்றார்.

அப்பா இறந்து பல வருஷமாகிறது. அம்மா இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். மெக்கானிக் சொன்னதை வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

“இருந்தாலும் அன்னைக்கு நான் பேசாம வந்திருக்கோணும் கண்ணு” என்றாள்.