டக்கென்ற சத்தத்துக்கு ஒரு பொத்தான்

போன வாரம் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மோவாயை வைக்கும் தாங்கியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள் ஒரு பெண். அவ்வளவுதான், அந்த வாசனை என்னை ராயபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே ஒரு மாடி அறையில் நானும் ஜமீலாவும் ஆராய்ச்சி மாணவர்கள். கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பு பட்டுப்போகிறவர்களுக்கு மாதாமாதம் பார்வை எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்போம். அளப்பது மட்டும்தான். பட்டுப்போன நரம்பை மீட்கும் மருந்து எங்களிடம் மட்டுமல்ல, யாரிடமும் கிடையாது. எங்கள் வீட்டிலோ என்னைப் பாதி டாக்டர் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு ஊசி போடக்கூடத் தெரியாது.

ஸ்பிரிட்டோடு டீசல் வாசனையும் சேர்ந்து வந்தால் அது தேசிங்கு அண்ணன். எண்ணூர்க்காரர், துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டியவர். பக்கப் பார்வை போய் வண்டியை விட்ட பிறகும் லாரி ஷெட்டிலேயே கிடந்தார். கிண்ணம் மாதிரியான இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் மினுங்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். “இது வைத்தியம் இல்லண்ணே” என்று ஒவ்வொரு முறையும் சொல்வோம்.

“சரி நைனா, நீ லைட்ட போடு” என்பார்.

ஒரு மாதம் அவருடைய படத்தில் கறுப்பு குறைந்திருந்தது. கறுப்பு என்றால் பார்வை இல்லாத இடம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஜமீலா ஓடிப்போய் சமோசா வாங்கி வந்தாள். பாதி தின்றுகொண்டிருக்கும்போதுதான் தாளின் ஓரத்தைப் பார்த்தேன். அந்த இயந்திரம் வெளிச்சம் போடும்போதெல்லாம் டக்கென்று சத்தம் வரும்; இடையிடையே வெளிச்சம் போடாமல் சத்தம் மட்டும் கொடுத்துச் சோதிக்கும். அப்போதும் அழுத்தியிருக்கிறார் என்று அந்த ஓரத்தில் பதிவாகியிருந்தது.

“நெஜமா வெளிச்சம் தெரிஞ்சுதாண்ணே?”

“இல்ல நைனா. மெசினு டக்குங்குது இல்ல, அப்ப அமுக்கினேன். போன தபா நீயும் அந்தப் பொண்ணும் மூஞ்ச தொங்கப் போட்டுகினு இருந்தீங்க. எனக்கே பேஜாரா பூட்ச்சு.”

ஜமீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரே, “இன்னொரு தபா போடு, சத்தத்த கண்டுக்காம பாக்கறேன்” என்றார். போட்டோம். கறுப்பு அப்படியே திரும்பி வந்தது. உள்ளதைச் சொன்னோம். “சமோசா ஆறிடப் போவுது, துன்னுங்க” என்றார்.

அந்த அறை இப்போது இல்லை. ஜமீலா வெளிநாட்டில் இருக்கிறாள். அண்ணனுக்கு நடுப்புள்ளியும் போய்விட்டதாக அவர் மகள் போனில் சொன்னாள். மருந்து இன்னும் வரவில்லை.

போன வாரம் என்னை உட்கார வைத்ததும் அதே சோதனைக்குத்தான். இயந்திரம் புதுசு. பொத்தானைப் பிடித்துக்கொண்டு அந்த டக்குக்காகக் காத்திருந்தேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கடைசிவரை அது சத்தமே போடவில்லை.