சீசன்ல குடிக்காதவன்

குற்றாலத்துல எண்ணெய் தேய்ச்சுவிடுத தொழில்ல கூலி ரெண்டு வகை: ஒண்ணு ரூபா, இன்னொண்ணு கட்டிங். அதாவது குளிக்க வந்தவரு தன் பாட்டில்ல இருந்து நமக்கு ஊத்துத பங்கு. அதை வேண்டாம்னு சொன்னா ரூபாயை வேண்டாம்னு சொன்னதவிட மோசமாப் பாப்பாங்க. குடிய விட்டவங்களுக்கும், விட முடியாமத் திண்டாடுதவங்களுக்கும் நான் சொல்லாமலே தெரியும்.

ஆட்டோ நின்ன இடம்

என் வீட்டுக்காரி செல்வி கறாராச் சொல்லிட்டா. இந்த சீசன்லயும் குடிச்சா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வடகரைக்கு, அவ அம்மா வீட்டுக்குப் போயிருவா. திரும்பி வர மாட்டா. அவ சொன்னா செய்வா. குடிய நிறுத்த மருந்து குடுத்த டாக்டரு, தென்காசியில ஒரு சர்ச்சுக்குப் பின்னால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குடிய விட்டவங்க கூட்டம் நடக்கு, போய் உக்காருங்கன்னாரு.

பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டேன். யார்ட்ட கேக்க? ஒயின் ஷாப் எங்கன்னு கேக்க ஒருநாளும் கூச்சப்பட்டதில்ல, இதைக் கேக்க நாக்கு எழும்பல. கடைசியில தெரிஞ்ச ஆட்டோக்காரத் தம்பி ஒருத்தன் வண்டியில ஏறித் தெருப் பேரை மட்டும் சொன்னேன். கொண்டுபோய் அந்தத் தெரு ஒயின் ஷாப் வாசல்ல நிப்பாட்டிட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, நான் இங்கனயாலே வரச் சொன்னேன்னு சத்தம் போட்டேன். அவன் அசரவே இல்ல. "எல்லாரும் தெருப் பேரைச் சொல்லித்தான் ஏறுதாங்க அண்ணாச்சி, எறங்குதது இங்கனதான்."

நான் அவ்வளவு இல்ல

ஒருவழியா சர்ச்சுக்குப் பின்னால போய்ச் சேந்தேன். சின்ன ரூம்பு, பிளாஸ்டிக் சேரு, கெட்டியா டீ. ஒவ்வொருத்தரும் பேரைச் சொல்லி, நான் குடிகாரன்னு சொல்லிட்டுத் தன் கதையைச் சொல்லுதாங்க. மத்தவங்க கேக்காங்க, அவ்வளவுதான். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது, அதுதான் அங்க பழக்கம். குடும்பத்துல எல்லார் வாயிலயும் புத்தி கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போயிருந்த எனக்கு அதுவே பெரிய நிம்மதியா இருந்துச்சு.

என் முறை வந்துச்சு. நான் எந்திரிச்சு, குடிகாரன்லாம் இல்ல, சீசனுக்கு மட்டும்தான், அதுவும் தொழிலுக்காகன்னு மிடுக்காச் சொல்லிட்டு உக்காந்தேன். கூட்டம் முடிஞ்சு டீ கிளாஸ் கழுவும்போது பக்கத்துல தாசையான்னு ஒருத்தரு நின்னாரு. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல காய்கறி மூடை தூக்குத மனுசன். என் கை நடுங்குததையே கொஞ்ச நேரம் பாத்தாரு. "ஊருக்கு சீசன் மூணு மாசம். உமக்கு வருசம் பூராவும் சாரல் அடிக்கும் போலுக்கே."

அடுத்த வாரம் நான் குடிகாரன்னு சொன்னேன். சொல்லும்போது உடம்பெல்லாம் பத்துன மாதிரி இருந்துச்சு. ஆனா சொல்லிட்டேன்.

மதம் மாறிட்டேனாம்

வாரம் தவறாம சர்ச்சு காம்பவுண்டுக்குள்ள போனா ஊரு சும்மா இருக்குமா? குடிச்சு ரோட்டுல விழுந்து கெடந்தப்போ எட்டிப் பாக்காதவங்கள்லாம் இப்ப என் சாமியப் பத்திக் கவலப்பட ஆரம்பிச்சாங்க. விசயம் வடகரை வரைக்கும் போய், செல்வியோட அண்ணன் பைக்க எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. குலதெய்வத்த விட்டுட்டு கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டியளான்னு வாசல்லயே நின்னு கேக்காரு.

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. ரூம்புதான் சர்ச்சுக்காரங்களுது, எல்லாச் சாமி கும்பிடுதவனும் வாரான்னு நான் விளக்க வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அடுப்படியில இருந்து செல்வி வந்துட்டா. "எந்தக் கோயிலுக்குப் போனா என்ன அண்ணே? போன மனுசன் தன் கால்ல நடந்து வீடு வாராருல்லா, எனக்கு அது போதும்."

மாலை போட்டிருக்காரு

சீசன் வந்துச்சு. வெறும் கையில தேய்ச்சா பலம் இருக்காது, சரக்கு உள்ள போனாத்தான் கை பிடிக்கும்னு நம்ம கஸ்டமருங்க நம்புதாங்க. நான் வேண்டாம்னா பக்கத்துல தேய்க்குத சுடலைகிட்டப் போயிருதாங்க. சுடலை நல்லவன், என் பிழைப்பு போகுதேன்னு எனக்கு யோசனை சொன்னான்: சுகருன்னு சொல்லு, மாத்திரைன்னு சொல்லு, ஒருத்தனும் வற்புறுத்த மாட்டான். நிசம்தான். நோய்க்கு நிறுத்தலாம், சாமிக்கு நிறுத்தலாம், சும்மா நிறுத்துனா மட்டும் ஊருக்குப் பொறுக்காது.

ஒருநாள் மதுரையில இருந்து ஒரு கூட்டாளி செட்டு. அதுல ஒருத்தரு கிளாஸ என் மூஞ்சிக்கு நேரா நீட்டுதாரு. சாரல் வேற, வாசன வேற. எனக்கு நாக்குல எச்சி ஊறிட்டு, அதை ஏன் மறைக்கணும்? சுடலை என்னைக் காப்பாத்துததா நினைச்சு, அண்ணாச்சி சபரிமலைக்கு மாலை போட்டிருக்காருன்னு எடுத்துவிட்டான். ஆனி மாசத்துலயான்னு அத்தன பேரும் விழுந்து விழுந்து சிரிக்காங்க.

அப்பத்தான் நான் எண்ணெய்க் கிண்ணத்தக் கீழ வெச்சேன். வரிசையில தேய்க்குத எல்லாருக்கும் கேக்கச் சொன்னேன்: "மாலையும் இல்ல, மாத்திரையும் இல்ல. நான் குடிகாரன். அதனாலதான் குடிக்கல."

சிரிச்சவங்க அருவிப் பக்கம் நடக்க ஆரம்பிச்சாங்க. கிளாஸ நீட்டுனவரு மட்டும் அதைத் தரையில வெச்சுட்டுக் குப்புறப் படுத்தாரு. நான் முதுகுல எண்ணெய் ஊத்தித் தேய்க்க ஆரம்பிச்சேன். தலையத் தூக்காமலே கேட்டாரு. "நீங்க எங்க போய் நிறுத்துனீங்க? மெதுவாச் சொல்லுங்க, பசங்க காதுல விழுந்துறப் போகுது."

அவருக்காகக் காதோட காதாத்தான் சொன்னேன். ஆனா என் கதைன்னா, குடிச்ச காலத்துல தெருவுக்கே கேக்கக் கத்துனவன், நிறுத்துனத மட்டும் எதுக்குய்யா மெதுவாச் சொல்லணும்?