நடையை ஜாப் ஒர்க் விட்ட முதலாளி

1. பார்சல்

இரண்டாயிரத்துப் பத்துக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு, சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியின் டவுன் ஆபீஸில் நான் மேனேஜராக இருந்தேன். ஃபேக்டரி எம். புதுப்பட்டியில். எங்கள் முதலாளி தங்கராஜ் அண்ணாச்சியைப் பரிசோதித்த விருதுநகர் டாக்டர், 'பார்டர் சுகர்' என்று சொல்லி, தீபாவளி சீசன் முடியும்வரை அவகாசம் கொடுத்திருந்தார். அதற்குள் குறையாவிட்டால் மாத்திரை. அண்ணாச்சியின் அண்ணன் மாத்திரையில் தொடங்கி, ஊசிக்குப் போய், கடைசியில் ஒரு காலை இழந்தவர். ஆகவே மாத்திரை என்ற சொல் காதில் விழுந்தாலே அண்ணாச்சி வேட்டியை இழுத்துக் கால்களை மூடிக்கொள்வார்.

அமெரிக்காவில் இருந்த மகள், சர்க்கரை நோய் வராமல் தடுக்கும் ஆன்லைன் பயிற்சி ஒன்றில் அப்பாவைச் சேர்த்துவிட்டார். இணையத்தில் வாரம் ஒரு பாடம் வரும். சாப்பாடு, நடை, எடை மூன்றையும் தவறாமல் பதிய வேண்டும். சென்னையிலிருந்து நித்யா என்ற பயிற்சியாளர் அவற்றைப் பார்த்துப் பதில் எழுதுவார். சனிக்கிழமைகளில் வெப்கேமராவில் பேசுவார். இடுப்பில் மாட்டிக்கொண்டால் நடையை எண்ணும் சிறு கருவி ஒன்றும் பார்சலில் வந்தது.

"பாய், எனக்குக் கம்ப்யூட்டர்ல தட்டத் தெரியாது. அது ஒங்க பொறுப்பு" என்றார் அண்ணாச்சி என்னிடம்.

"தட்டிருவோம் முதலாளி. நடக்கிறது?"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. ஏற்பாடு

பேட்டரி உள்ள எதையும் பட்டாசு ஃபேக்டரிக்குள் கொண்டுபோகக் கூடாது. செல்போன், தீப்பெட்டி எல்லாம் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அண்ணாச்சியும் இந்த விதியை மீறியதில்லை. ஆகவே முதல் நாள் அந்தக் கருவி, செல்போன்களோடு கேட்டுக் கூடையில் படுத்துக் கிடந்தது. மாலையில் அது காட்டியதை அப்படியே பதிந்தேன். 'கவலைப்படாதீங்க சார், வீட்டு வாசல்வரை நடந்து தொடங்குங்க' என்று நித்யா எழுதியிருந்தார். அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"உள்ள ஷெட்டு ஷெட்டா நடக்கேன், ஒண்ணும் கணக்குல வரலையே பாய். நட்டம்லா?"

சிவகாசியில் ஒரு பட்டாசு ஒரே இடத்தில் உருவாவதில்லை. குழாய் சுற்றுவது ஒருவர், லேபிள் அச்சடிப்பது இன்னொருவர், பெட்டி செய்வது வேறொருவர். இப்படிப் பிரித்துக் கொடுப்பதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். அண்ணாச்சி அந்த முறையிலேயே வளர்ந்தவர். மறுநாள் கருவி வாட்ச்மேன் இருளப்பனின் இடுப்புக்குப் போனது. பகல் முழுதும் வேலியைச் சுற்றி வருவதுதான் இருளப்பனின் வேலை.

"நான் உள்ள நடக்கிறதுக்கு ஈடா அவன் வெளிய நடக்கான். கணக்கு நேராயிருச்சு" என்றார் அண்ணாச்சி. அவர் உள்ளே எங்கும் நடப்பதில்லை, கேட்டுக்குப் பக்கத்து ரூமில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக லோடு ஏற்றுகிறவர்கள் சொன்னார்கள்.

ஏற்பாடு அதோடு நிற்கவில்லை. சர்க்கரைக்கென்று வீட்டிலிருந்து வரும் பாகற்காய்ச் சாறு டிரைவர் முனியசாமிக்கு. வாரப் பாடம் எனக்கு. நான் படித்து, சுருக்கி, 'எண்ணெய்ப் பண்டம் ஆகாது முதலாளி' என்று சொல்லி முடிப்பதற்குள் பக்கோடா வந்திருக்கும்.

எடையை மட்டும் யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியவில்லை. டெஸ்பாட்ச் குடோன் தராசில் நானே அவரை ஏற்றிப் பார்ப்பேன். தராசு அவரிடம் சம்பளம் வாங்கவில்லை, உள்ளதைச் சொன்னது.

3. சனிக்கிழமை

நடை ஏறிக்கொண்டே போனது. எடையும் கூடவே ஏறியது. நித்யா குழம்பினார். இவ்வளவு நடந்தும் எடை ஏறுகிறது என்றால் உள்ளே வேறு பெரிய கோளாறு இருக்கலாம், முழுப் பரிசோதனை தேவை என்று மகளுக்கு எழுதிவிட்டார். மகள் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதார். அந்தச் சனிக்கிழமை, அண்ணாச்சியின் மனைவி செல்வமணி அம்மா அழுது முகமெல்லாம் வீங்கி ஆபீஸுக்கு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"இந்தப் பிள்ளை என்ன சொல்லுதுன்னு நானே கேக்கேன்."

திரையில் நித்யா மெதுவாகப் பேசினார். "பயப்படாதீங்க ஆன்ட்டி. ஆனா தள்ளிப் போடக் கூடாது. திங்கட்கிழமையே அட்மிட் பண்ணி எல்லா டெஸ்ட்டும் எடுத்திடலாம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். அந்த நேரத்தில் முனியசாமி காலி டம்ளரோடு உள்ளே வந்தான்.

"முதலாளி, இன்னைக்குச் சாறு கசப்பு ஜாஸ்தி. கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிட்டேன்."

"நீ எதுக்குலே குடிச்ச?" என்றார் அம்மா.

"தெனமும் நான்தானம்மா குடிக்கேன். இருளப்பன் நடக்கான், நான் குடிக்கேன், பாய் படிக்காக."

"ஒங்க முதலாளி?" என்றார் அம்மா.

"முதலாளி வெயிட் போடுதாக."

நித்யா வாயைப் பொத்திக்கொண்டு கேமராவை விட்டு விலகினார். அம்மா என் பக்கம் திரும்பி, "அப்ப இவுகளுக்குப் பெரிய நோய் ஒண்ணும் இல்லையா பாய்?" என்றார்.

"இல்லம்மா. பக்கோடாதான்."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைத்த கண் அண்ணாச்சி பக்கம் திரும்பியது.

"நேத்துலருந்து நான் பச்சத் தண்ணி குடிக்கல. இம்புட்டையும் வெளிய குடுத்தீகளே, பட்டாசு மருந்துக் கலவைய யாருக்காச்சும் ஜாப் ஒர்க் விடுவீகளா?"

"அத எப்படி விட முடியும்? லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. ஏதாச்சும் ஆச்சுன்னா நாந்தான ஜெயிலுக்குப் போகணும்?"

"ஒடம்பு யார் பேர்ல இருக்கு?"

அண்ணாச்சி வேட்டியை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டார்.

4. பலன்

திங்கட்கிழமை கருவி அண்ணாச்சியின் இடுப்புக்குத் திரும்பியது. ஃபேக்டரிக்குள் போகுமுன் வேலியைச் சுற்றி நடந்துவிட்டு, அதைக் கூடையில் போட வேண்டும் என்று நித்யா வழி சொன்னார். இருளப்பன் முன்னால் போவார். "மெதுவாப் போலே, ஓட்டப் பந்தயமா இது?" என்று அண்ணாச்சி பின்னாலிருந்து கத்துவார். கருவி காட்டியது முன்பைவிட மிகக் குறைவு. ஆனால் நித்யா அதற்குத்தான் முதன்முதலாகக் கைதட்டும் படம் அனுப்பினார்.

சீசன் முடிந்து ரத்தம் எடுக்க லேப்காரர் ஆபீஸுக்கு வந்தார். "யாருக்கு சார்?" என்றார். பழக்கதோஷத்தில் அண்ணாச்சி முனியசாமியைப் பார்த்தார். முனியசாமி டம்ளரோடு கொல்லைப்பக்கம் ஓடிவிட்டான். அண்ணாச்சி சட்டைக் கையைத் தானே மடித்தார்.

சர்க்கரை முழுதாக இறங்கவில்லை, ஆனால் நல்ல திசையில் இருக்கிறது, மாத்திரை வேண்டாம், நடையை விடக் கூடாது என்றார் டாக்டர். ஆபீஸுக்கு வந்ததும் அண்ணாச்சி என் நாற்காலியில் உட்கார்ந்தார். "நகருங்க பாய், டாக்டர் சொன்னத நானே தட்டுதேன்." ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். நான் உதவக் கை நீட்டியபோதெல்லாம் தட்டிவிட்டார்.

ஆபீஸ் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு இதிலிருந்து ஒன்று சொல்வேன். உள்ளதை உள்ளபடி பதிந்தால், குறைவாக இருந்தாலும் அதற்கு ஒரு வழி சொல்ல யாராவது இருப்பார்கள். நல்லதாகக் காட்டிப் பொய்யைப் பதிந்தால், இல்லாத நோய்க்கு ஆஸ்பத்திரியில் கட்டில் போட்டுவிடுவார்கள்.