சிற்பி படத்துக்கு நடுவே ஆடிய குறத்தி

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், நாடகமும் எழுதுவார். எழுதுவார் என்றால், இரண்டு அங்கம் எழுதிவிட்டு மூன்றாவதுக்காக கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது வீட்டில் அம்மிச் சத்தம் கேட்கக் கூடாது. குழம்பு மட்டும் நேரத்துக்கு வந்துவிட வேண்டும்.

வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு நாடகம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். விழா நெருங்கியும் மூன்றாம் அங்கம் வரவில்லை. "முடியாதுன்னு சொல்லீரப் போறேன். இனி எழுதவே மாட்டேன்" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. தோவாளைப் பக்கம் போட்டிருந்த டூரிங் கொட்டகைக்கு அவரைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

ஏதோ வெளிநாட்டுப் படம். ஒரு சிற்பி முகம் ஒன்றைச் செதுக்குகிறான், பிடிக்காமல் உடைக்கிறான், மறுபடி செதுக்குகிறான். பாட்டு இல்லை, சண்டை இல்லை. பெஞ்சு டிக்கெட்காரர்கள் விசிலடித்தார்கள். இவர் மட்டும் கண் கொட்டாமல் பார்த்தார். சிற்பி உளியை எறிந்துவிட்டுக் குப்புற விழுந்தான். உடனே ஒரு குறத்தி வந்து தமிழில் பாடி ஆடினாள். ஆட்டம் முடிந்ததும் சிற்பி எழுந்து முகத்தைச் செதுக்கி முடித்தான்.

"அவன் மனசுலயாக்கும் அவ ஆடுகா! என்னா கற்பனை!" என்றார்.

வெள்ளைக்காரன் மனசில் குறத்திக்கு என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாளே மூன்றாம் அங்கம் முடிந்தது. சிறையில் துவண்டு கிடக்கும் ராஜாவின் முன் ஒரு குறத்தி ஆடினாள்; ராஜா எழுந்து நின்றார். விழாவில் ஊரே ஒன்ஸ்மோர் கேட்டது.

அதே படம் பிறகு திருவனந்தபுரத்துக்கு வந்தது. களியக்காவிளை தாண்டும்வரை பஸ்ஸில் எனக்குக் குறத்தியின் தத்துவத்தை விளக்கிக்கொண்டு வந்தார். தியேட்டரில் சிற்பி விழுந்தான். "இப்போ பாரு" என்று என் கையைப் பிடித்தார். சிற்பி வெகுநேரம் அப்படியே கிடந்தான். பிறகு தானாக எழுந்து உளியை எடுத்தான். குறத்தி வரவேயில்லை.

பாட்டில்லாத படமென்றால் சனம் ரகளை செய்யும் என்று, வேறு படத்து ஆட்டத்தை இடையில் ஒட்டிப் போடுவது எங்கள் பக்கத்துக் கொட்டகைக்காரர்களின் வழக்கம். திரும்பும்போதுதான் அதை அவரிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்போ என் நாடகமும் ஒட்டுப்போட்டதா, ஏட்டி?"

"ராஜா எழும்பினாருல்லா? அது போதும்" என்றேன். அவர் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி பேனாவையே தொடமாட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நாளில் அடுத்த நாடகம் தொடங்கினார். மூன்றாம் அங்கத்தில் வழக்கம்போல மோட்டைப் பார்த்தார். அடுக்களையில் இருந்த நான் வேண்டுமென்றே அந்தக் குறத்திப் பாட்டை முணுமுணுத்தேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"ஏட்டி, கொஞ்சம் உரக்கப் பாடு" என்றார்.